எல்லாம் டிரைவர் பக்கம்தான்

"ஜாக்கி போட்டுத் தூக்கிப் பாக்குறதெல்லாம் காது இல்லாதவன் செய்யுற வேலை. எனக்கு வண்டி தெருமுனை திரும்பினாப் போதும். எந்தச் சக்கரம் அழுவுதுன்னு உக்காந்த இடத்துல இருந்தே சொல்லிடுவேன். இதுவரைக்கும் தப்பினதில்ல. இனியும் தப்பாது!"

மேற்படி பிரகடனம் லாரிப் பட்டறைக்காரர்களின் கூட்டமொன்றில், சுமார் நாற்பது பேர் முன்னிலையில், மைக் பிடித்து வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அன்று யாரோ கேலியாக 'காதுக்காரர்' என்றார்கள். கேலிக்கும் பட்டத்துக்கும் வித்தியாசம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால், மறுவாரமே பட்டறைப் பலகையில் ஒரு பெரிய காதை வரையச் சொன்னார். ஓவியர் வரைந்தது நத்தை மாதிரி வந்தது. வண்டியை விட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதற்கான அறிவிப்பாக வாடிக்கையாளர்கள் அதைப் புரிந்துகொண்டு மரியாதையாகப் போனார்கள்.

அவர் நோய் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நம்மை மன்னிக்காது. சத்தம் என்று ஒரு லாரி வந்தால் முதலில் பக்கத்துப் பட்டறை வெல்டர் சுத்தியலைக் கீழே வைக்க வேண்டும். ரேடியோ அணைக்கப்படும். டிரைவருக்கு இருமல் இருந்தால் அதை வீட்டில் இருமிவிட்டு வர வேண்டும். காதுக்காரர் டிரைவருக்கு இடப்பக்கத்து இருக்கையில் ஏறி, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை உயர்த்துவார். வண்டி ஓடும். விரல் காற்றில் கொஞ்சம் யோசிக்கும். பிறகு மெல்லச் சாய்ந்து டிரைவரைக் காட்டும்.

"டிரைவர் பக்கம்."

இங்கேதான் நம் ஊரின் பெரும் விசித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறைக்கு வந்த அத்தனை லாரிக்கும் கோளாறு டிரைவர் பக்கத்துச் சக்கரத்தில்தான். எதிர்ப்பக்கத்தில், கிளீனர் உட்காரும் பக்கத்தில், ஒரு வண்டிக்காவது ஒரு சின்னக் காய்ச்சல்? கிடையாது. இதற்குக் காரணம் கேட்டவர்களிடம், "டிரைவரோட எடை அந்தப் பக்கம்தானே இருக்கு?" என்பார். கேட்ட டிரைவர்கள் தங்கள் தொப்பையைக் குனிந்து பார்த்து, குற்ற உணர்ச்சியோடு பில்லை வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்படியிருந்தும் வண்டிகள் குணமாகித்தான் போயின. அதன் சூட்சுமம், "ஒண்ணு மாத்தினா ஜோடியையும் மாத்தணும்" என்ற அவருடைய சட்டம். ஒரு பக்கத்துச் சக்கரத்தின் பேரிங்கை மாற்றினால் மறுபக்கமும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பழசுக்குப் புதுசைப் பார்த்துப் பொறாமை வருமாம். இரண்டு பக்கமும் மாற்றிய பின் எந்தப் பக்கத்துக் கோளாறு தீர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எந்தக் கோர்ட்டாலும் முடியாது. புகழ் மட்டும் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பொன்னான ஏற்பாட்டைக் கெடுத்தது பாசம்.

காதுக்காரருடைய மனைவியின் தம்பி சொந்தமாக ஒரு லாரி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். முன்பக்கத்தில் ஒரு ரீங்காரம். வேகம் நாற்பதைத் தாண்டினால் 'ம்ம்ம்' என்று ஆரம்பிக்கும். அறுபதில் தேன்கூட்டுக்குள் தலையை விட்டது போலிருக்கும். காதுக்காரர் ஏறினார், கண்ணை மூடினார், விரல் சாய்ந்தது. டிரைவர் பக்கம்.

"ஜோடியா மாத்திடலாமா மாமா?"

"வீட்டு மனுஷன் நீ. உனக்கு எதுக்கு வீணா? சத்தம் வர்ற பக்கம் மட்டும் மாத்தினாப் போதும்."

மாற்றினார். ரீங்காரம் அப்படியே இருந்தது. புது பேரிங்கே மட்டமான சரக்கு என்று தீர்ப்பளித்து, அதே பக்கத்தில் இன்னொன்று மாற்றினார். ரீங்காரத்துக்கு இது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

"பழைய சத்தம் போயிடுச்சு மச்சான். இது வேற, புதுச் சத்தம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே மாமா."

"உன் காதுக்கு அப்படித்தான் இருக்கும்."

வேலியோரம் நின்ற வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, ஓடும்போது ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசா ஒடிச்சுப் பாருங்களேன். கெட்டுப்போன பக்கத்துல எடை ஏறினா சத்தம் கூடும். இல்லேன்னா தூக்கி வச்சுக் கையால சுத்தித்தான் பாருங்க."

"நான் உன் வெல்டிங்கைப் பத்தி ஏதாவது சொல்றேனா?"

"சொல்லுறீங்களே அண்ணே, தினமும்."

காதுக்காரர் அதைக் கேட்கவில்லை. கேட்காதது போல் இருந்தார் என்று வெல்டர் நினைத்தார். அப்படி நினைத்தது வெல்டர் மட்டுமல்ல. வீட்டில் மனைவி நாலு தடவை கூப்பிட்டும் அவர் திரும்பாத நாட்கள் உண்டு. கல்யாணமான ஆணுக்குப் பெண்டாட்டி பேசுவது கேட்காமல் போவதை நோய் என்று எந்தப் பெண் சந்தேகிப்பாள்? திமிர் என்று முடிவு கட்டி, அந்த அம்மாள் அதற்கேற்ற மருந்தைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் காதுக்காரர் இறுதித் தீர்ப்பை வெளியிட்டார். டிரைவர் பக்கம் பேரிங் புதுசு. தன் காதோ தப்பாது. ஆகவே பேரிங்கில் கோளாறு இருக்க முடியாது. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. "டயர் சத்தம்தான். ஓட ஓடச் சரியாயிடும். தாராளமா லோடு ஏத்து."

லோடு என்பது பத்து டன் சிமெண்ட். அதைச் சாயங்காலமே ஏற்றி, மறுநாள் காலையில் மலைப்பாதையில் இறங்க வேண்டும். முப்பத்திரண்டு வளைவு. அதில் ஏதோ ஒரு வளைவில் முன்சக்கரத்துப் பேரிங் இறுகி உடைந்தால் சக்கரம் தனி வழியில் போகும், லாரி தனி வழியில் போகும். லாரிக்குள்ளே இருக்கிற ஆள் எந்த வழியில் போவான் என்பதுதான் கேள்வி.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி இதைக் கேட்டுவிட்டு, தூக்குப் பாத்திரத்தை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் நாளைக்கு மலை இறங்கணும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என்னடி கேக்குற? சொல்லிட்டேனே, டயர்."

"ரெண்டு நாளா பேரிங்னீங்க. இன்னிக்கு டயர்ங்குறீங்க. நாளைக்கு அவன் தலைவிதிம்பீங்களா?"

"அக்கா, விடுக்கா" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. வண்டிய எடு. நானும் வர்றேன். என் முன்னாடி ஒரு தடவ கேட்டுச் சொல்லட்டும்."

இவ்வாறாக, வழக்கத்துக்கு மாறாக மூன்று பேரோடு அந்தச் சோதனை ஓட்டம் புறப்பட்டது. நடுவில் அக்கா, மடியில் பாத்திரம். வண்டி அறுபதைத் தொட்டது. ரீங்காரம் எழுந்தது. விரலும் எழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளம் ஒன்று வந்தது. பாத்திரத்தின் மூடி கழன்று இருக்கைக்குப் பின்னால் போய் விழுந்தது. "எடுங்களேன்" என்றார் மனைவி. காதுக்காரர் சலிப்போடு இருக்கையில் மண்டி போட்டு, பின்பக்கமாகத் திரும்பிக் கையை விட்டுத் துழாவினார்.

ரீங்காரம் பக்கம் மாறியது.

டிரைவர் பக்கத்தில் இருந்த சத்தம், எழுந்து போய்க் கிளீனர் பக்கம் உட்கார்ந்துகொண்டது. அவர் சட்டென்று முன்னால் திரும்பினார். சத்தம் டிரைவர் பக்கம் வந்தது. பின்னால் திரும்பினார். அந்தப் பக்கம் போனது. முன்னால். பின்னால். நாற்பது பேர் முன்னிலையில் மைக் பிடித்த பெரிய மனிதர் ஒருவர், ஓடும் லாரியில் மண்டி போட்டுக்கொண்டு மாவு ஆட்டுவதுபோல் சுற்றினார்.

"என்னங்க, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

அவர் நேராக உட்கார்ந்து, வலது காதுக்குள் விரலை விட்டு அழுத்தி அடைத்தார். லாரி நின்றுபோனது. அதாவது, ஜன்னலில் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மைத்துனனின் கை கியர் மாற்றியது. மனைவியின் வாய் வேகமாக அசைந்து ஏதோ திட்டியது. ஆனால் சத்தம் என்று எதுவும் இல்லை. விரலை எடுத்தார். எல்லாம் வந்தது, வலப்பக்கத்திலிருந்து மட்டும்.

இருபது வருஷமாகப் பட்டறையில் அவருக்கு இடப்பக்கமாக நின்று டமடமத்த கம்ப்ரெஸர், இடது காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று எப்போதோ ஏப்பம் விட்டிருந்தது. ஒற்றைக் காதுக்கு உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே பக்கம்தான். பன்னிரண்டு வருஷமாகத் தொப்பையைப் பார்த்து வெட்கப்பட்ட டிரைவர்களிடம் இதை யார் போய்ச் சொல்வது?

வண்டி திரும்பியது. பட்டறை வாசலில் வண்டி நின்றது. மைத்துனன் இன்ஜினை அணைக்காமலே கேட்டான்:

"டயர்தானே மாமா? நேரமாகுது, கிடங்குக்குப் போய் லோடு ஏத்திடுறேன்."

தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும். காதும் பிழைக்கும், பலகையும் பிழைக்கும். வெல்டர் வேறு வேலியோரம் வந்து நின்றார், முகத்தில் அப்பாவித்தனமான ஆர்வத்தோடு.

"இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றார் காதுக்காரர். "எங்கேன்னு எனக்குத் தெரியல. தூக்கிப் பாக்கணும்."

மனைவி அவரைப் பார்த்தார். திட்டுவதற்கு எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் மெதுவாக விட்டார்.

பட்டறையின் ஜாக்கி வெளியே வந்தது. அதன் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற பழக்கம் இருந்ததால் அது ஜாக்கி என்பதே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. முதலில் டிரைவர் பக்கத்தைத் தூக்கினார். சக்கரம் வெண்ணெயாகச் சுற்றியது. பின் ஜாக்கியை இழுத்துக்கொண்டு கிளீனர் பக்கம் வந்து, தூக்கி, தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். சக்கரத்தின் அதிர்வு தெரியும்படி ஒரு கையை ஸ்பிரிங் பட்டை மேல் வைத்தார். "சுத்து" என்றார்.

மைத்துனன் சக்கரத்தைச் சுற்றினான். அவர் கை அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

"நீ வா. நீயும் கையை வச்சுப் பாரு. நான் சொல்றேன்னு நம்பாதே."

இடம் மாறிக்கொண்டார்கள். சக்கரத்தை இப்போது அவர் சுற்றினார். லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது:

"உள்ளே மணல் அரைபடுற மாதிரி இருக்கு மாமா."

அவர் குனிந்து, தலையைத் திருப்பி, வலது காதை அவன் பக்கம் கொடுத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.