குளிசை முடியும் வரை

ஆபிரிக்காவின் தென்பகுதியில் நான்கு மாதம் ஊழியம் செய்துவிட்டு மொன்றியலுக்குத் திரும்பியபோது, அந்தச் செமஸ்டரை முடிக்க எனக்கு ஒரேயொரு வேலைதான் மிச்சம் இருந்தது. கல்லூரி மண்டபத்தில், எங்களை அனுப்பிவைத்த தேவாலயத்து ஆட்களுக்கு முன்னால், பத்து நிமிடம் பேச வேண்டும். என்ன செய்தாய், என்ன கற்றாய், யாரை மறக்கமாட்டாய் என்று மூன்று கேள்விகள் தந்திருந்தார்கள். மூன்றாவது கேள்விக்கான பதில் என்னிடம் இருந்தது. அதை மேடையில் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நாங்கள் சைவக்காரர். வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், செமஸ்டருக்கு நான் பெயர் கொடுத்தது பக்தியால் அல்ல. தாதியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசிரியை சொன்னார், அவ்வளவுதான். மொன்றியலில், லாசால் பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "வேதத்துக்கு மாறிப்போட்டு வந்தியெண்டால் வாசல்லையே நிக்க வேண்டியதுதான்" என்றார். மாறவில்லை. மாறியிருந்தால் பாவமன்னிப்பு என்று ஒன்றாவது கேட்டிருக்கலாம்.

எங்களை அனுப்பிய இடம் லெசோத்தோ. சுற்றிவரத் தென்னாபிரிக்கா, நடுவில் மலை. எங்கள் கிளினிக் இருந்த ஊரில் இளம் ஆண்கள் குறைவு. எல்லை தாண்டிச் சுரங்கத்துக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். மலைச்சரிவு வீடுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், போனவர்கள் கிளினிக்கின் கைத்தொலைபேசிக்கு எடுத்துச் செய்தி சொல்வார்கள். அதை ஒரு கொப்பியில் எழுதி, நோயாளரைப் பார்க்க வீடு வீடாகப் போகும்போது கொண்டுபோய்ச் சொல்வது என் வேலை. சுகாதார உதவியாளர் ஒருவர், நாற்பது வயதுப் பெண், கூட வருவார். நான் ஆங்கிலத்தில் சொல்வதை அவர் தங்கள் மொழியில் சொல்வார். பெரும்பாலும் சின்னச் செய்திகள்தான். சுகமாக இருக்கிறேன், நத்தார்ப் பண்டிகைக்கு வருவேன், அந்த மாட்டை விற்க வேண்டாம்.

அங்கே மூத்த பெண்களை 'ம்மே' என்று கூப்பிடுவார்கள். நான் கிழமையில் மூன்று நாள் பார்க்கப் போன ம்மேக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காசநோய். ஆறு மாதம் விடாமல் குளிசை எடுக்க வேண்டும்; நான் போனபோது இரண்டு மாதம் முடிந்திருந்தது. நடுவில் விட்டால் எல்லாம் பாழ். முதல் நாள் பார்த்தபோது எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவர், நவம்பர் மாதம் எழுந்து தண்ணீர் தூக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஒரே மகன். எல்லைக்கு அப்பால் ஒரு நகரத்தில் கட்டட வேலை செய்தான், மாதத்தில் ஒரு தரம் எடுப்பான். குளிசையை என் கண்முன்னே விழுங்கிவிட்டு ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "மகன் எடுத்தானா?"

குளிசை முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, மகனோடு ஒரே அறையில் இருந்தவன் எடுத்தான். வேலைத்தளத்தில் சாரம் சரிந்து விழுந்து மகன் செத்துப்போய்விட்டான் என்றான். உடல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, தாயையோ வேறு உறவினரையோ கெதியாக வரச் சொல்லுங்கள் என்றான். நான் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அவனுடைய இலக்கத்தை என் சொந்த டயரியில் குறித்துக்கொண்டேன். கிளினிக் கொப்பியில் எதையும் எழுதவில்லை.

ஏன் என்று கேட்டால், அப்படிச் செய்வது எனக்கு ஒரு முடிவாகக்கூடத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் சாவு ஒருநாளும் சோதனைக்கு முன்னால் வராது. எனக்குப் பத்தாம் வகுப்புச் சோதனை முடிந்த பின்னேரம்தான் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா இறந்தது தெரிந்தது. அதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவே முடிந்திருந்தது. சோதனை, பிள்ளைப்பேறு, சத்திரசிகிச்சை, எது நடக்கிறதோ அது முடியட்டும், பிறகு ஆறுதலாகச் சொல்லுவோம் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், அதுவும் அன்பினால். அதற்கு ஊர் முழுவதும் ஒத்துழைக்கும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். குளிசை முடியட்டும். இப்போது சொன்னால் சாப்பிட மாட்டார், குளிசையை எறிந்துவிடுவார், தாயும் போய்விடுவார். கிளினிக் நேர்ஸிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அன்றைக்கே மலையேறிப் போய்ச் சொல்லிவிடுவார் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒருத்தி, அந்த ஊர்த் தாய் ஒருத்தி எப்போது அழ வேண்டும் என்று நாள் குறித்தேன். என்ன திமிர் எனக்கு.

மறுநாள் போனபோது ம்மே கேட்டார், "மகன் எடுத்தானா?" இல்லை என்றேன். பொய்யும் இல்லை, பாருங்கள். மகன் எடுக்கவில்லைத்தான். உதவியாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார். பாவம், என் கள்ளம் அவருடைய வாயால் போனது. அந்த இரண்டு கிழமையில் அதே இலக்கத்திலிருந்து இன்னும் இரண்டு தரம் அழைப்பு வந்தது. தொலைபேசி என் சட்டைப் பையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. நான் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை கடைசிக் குளிசை. சனிக்கிழமை எங்கள் பயணம். வெள்ளிக்கிழமை சொல்லிவிடுவது என்று போனேன். ம்மே அயலாரை எல்லாம் கூப்பிட்டு வைத்திருந்தார். சுகமாகிவிட்டார் என்று பெண்கள் கைதட்டிப் பாடினார்கள். அவர் எனக்கு முன்னால் வந்து, நெஞ்சில் ஒரு தரம் குத்திக் காட்டி, இருமல் இல்லை பார் என்று சிரித்தார்.  சொல்லாமலே கிளினிக்குக்குத் திரும்பி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதி, இழுப்பறைக்குள் வைத்தேன். அடுத்து வருகிற மாணவர் பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன். கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

டிசம்பரில் வீட்டுக்குள் காலடி வைத்தபோது, ஹோலில் மாமாவின் படம் மாலையோடு தொங்கியது. அம்மாவின் அண்ணா, ரொறன்ரோவில் இருந்தவர். ஒக்டோபரில் மாரடைப்பு வந்து போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. நான் அங்கிருந்து எடுக்கிற நேரமெல்லாம் மாமா எப்படி என்று கேட்டிருக்கிறேன்; நல்லாயிருக்கிறார், வேலைக்குப் போயிட்டார் என்றுதான் சொன்னார்கள்.

"நீ அங்கை தனிய இருந்து அழுதால் ஆர் பிள்ளை உன்னைப் பாக்கிறது?" என்றார் அம்மா. "முடிச்சுக்கொண்டு வரட்டும் எண்டுதான் சொல்லேல்லை."

நான் கத்தினேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். எனக்குச் சொல்லாமல் விட நீங்கள் ஆர், எனக்கு அவர் மாமா இல்லையா, இரண்டு மாதமாக நான் ஒரு செத்த மனிசனைச் சுகம் விசாரித்துக்கொண்டிருந்தேனே என்றெல்லாம் கத்தினேன். பாதியில் என் குரல் எனக்கே கேட்டது. அதோடு நின்றுவிட்டேன். களைப்பு என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அதன்பிறகு ம்மே என்னை விடவில்லை. ஆங்கிரினோன் மெட்ரோவில் ம்மேயைப் போலச் சாம்பல் நிறப் போர்வை போர்த்திய ஒரு பெண்ணின் முதுகைக் கண்டு, ஏறவேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பின்னால் போயிருக்கிறேன். திரும்பினார், யாரோ ஒரு கிழவி, "பொன்ஜூர்" என்று சிரித்தார். மூலைக்கடையான தெப்பனரில் பால் வாங்க நிற்கும்போது பின்னால் யாராவது இருமினால் திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் யாருடைய தொலைபேசி அதிர்ந்தாலும் என் கை என் பைக்குப் போகும். தம்பி அதைக் கண்டு, "அக்காவுக்கு அங்கை ஒரு ஆள் இருக்கு" என்று பகிடி பண்ணினான். ஓம், இருந்தது.

ஜனவரி மாதம் மண்டபத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்றார்கள். ம்மே நெஞ்சில் குத்திக் காட்டிச் சிரிக்கிற படத்தைத் திரையில் போட்டு, ஆறு மாதக் குளிசையை ஒருநாளும் தவறவிடாத பெண் என்றேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்து, நீ ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று அழுதார். செமஸ்டர் முடிந்தது. 

அன்று பின்னேரம் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பேசுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"நீ சரியாத்தான் செய்திருக்கிறாய். நோயாளி மனிசிக்கு உதைச் சொல்லலாமே? ஆளுக்குச் சுகம் வந்திட்டுதெல்லே. பேந்து ஆரும் சொல்லியிருப்பினம்."

அது அடியைவிட மோசமாக இருந்தது. அப்பா வேலைக்குப் போகப் புறப்பட்டு நின்றார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் அவருக்குப் பின்னேர முறை. சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தவர் நிமிராமலே கேட்டார்.

"அப்ப, பிரேதத்தை ஆர் எடுத்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கெதியா வரச் சொன்னதெண்டு சொன்னனியெல்லே. அது சுகம் விசாரிக்கவே வரச் சொன்னவன்? பிரேதத்தை எடுக்க வரச் சொன்னவன். எத்தினை நாள் வைச்சிருப்பினம்?"

அப்பாவின் அண்ணனைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. எந்தத் திதியில் செய்வது என்று தெரியாததால் அப்பா இன்றுவரை அவருக்குத் திவசம் செய்ததில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, அத்தனை நாளில் ஒருநாளாவது ம்மேயின் மகனுடைய உடலின் நினைவு வந்ததா? வரவில்லை. சாவுச் செய்தி காத்திருக்கும் என்றுதான் பழகியிருந்தேன். அப்பா வேறொன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டயரியிலிருந்த இலக்கத்துக்கு எடுத்தேன். அறையில் இருந்தவன் என்னைத் திட்டவில்லை. "மூன்று தரம் எடுத்தேன்" என்றான். ஒருவரும் வரவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள், பிறகு உரித்தாளர் இல்லாதவர்களோடு சேர்த்து அரசாங்கம் புதைத்துவிட்டது என்றான். அந்த இடத்தில் பெயர் இல்லை, வெறும் இலக்கம்தான். அதைத் தேடித் தருவதாகச் சொன்னான்.

பிறகு லெசோத்தோவுக்கு எடுத்து உதவியாளரிடம் சொன்னேன். இழுப்பறையை அவர் திறக்கவே இல்லையாம்; அடுத்த மாணவர் இன்னும் வரவில்லையாம்.  அங்கே மகனை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொந்தக்காரரின் குழிகளுக்குப் பக்கத்தில்தான் வைப்பார்கள் என்று எனக்கே தெரியும். அப்படி இரண்டு செத்தவீடுகளுக்கு அவரோடு போயிருக்கிறேன். "நாளைக்கு ம்மேயை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருகிறேன்" என்றார் கடைசியில். "நீயே சொல். இந்த முறை நான் சொல்வதை நான் தெரிந்துகொண்டு சொல்கிறேன்."

அடுத்த நாள் காலை ஏழு மணி. அங்கே பிற்பகல். சமையலறை மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தேன். எதிரில் அம்மா. ம்மேயின் குரல் கேட்டது, உற்சாகமாக, என் சுகத்தை விசாரித்தது. நான் சொன்னேன். உதவியாளர் சொன்னார். அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அந்த மொழி தெரிய வேண்டியிருக்கவில்லை.

சத்தம் ஓய்ந்த பிறகு உதவியாளர் பேசினார். "உனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறார்."

அம்மா மேசைக்கு மேலால் குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "நேற்றுத்தான் தெரியும் எண்டு சொல்லு. கும்பிட்டுக் கேக்கிறன், சொல்லு."

கையை இழுத்துக்கொண்டேன். "குளிசை முடிய இரண்டு கிழமைக்கு முன்பே தெரியும்" என்றேன். திகதியையும் சொன்னேன். உதவியாளர் அதைச் சொல்லி முடித்ததும் ம்மே மெதுவாக ஏதோ கேட்டார். 

"அதற்கு அடுத்த நாள் நீ என் வீட்டில் சாப்பிட்டாய் என்கிறார். தெரிந்துகொண்டா சாப்பிட்டாய் என்று கேட்கிறார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாயே என்கிறார்."

உண்மைதான். சோளமாக் களியும் கீரையும். என் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டாம் தரம் கேட்டேன். அவர் சந்தோசப்பட்டுப் பானையைச் சுரண்டிப் போட்டார்.

"ஓம் என்று சொல்லுங்கள்" என்றேன். உதவியாளர் சொன்னார்.