வலிக்காத கால்

டாக்டர் இளஞ்செழியனுக்குக் கோபம் வந்தா மைக்கே தேவையில்ல, அடி அண்ணாமலை ஊர் மொத்தத்துக்கும் கேக்கும். அதுவும் பௌர்ணமிக்கு மறுநாள் அவரு கிளினிக் பக்கம் தலவெச்சுப் படுத்துடாதீங்க. மனுஷன் கொதிச்சுக்கிட்டு இருப்பாரு.

ஏன் கொதிக்க மாட்டாரு? பௌர்ணமிக்கு மலையச் சுத்தி வெறுங்காலோட நடக்கற கூட்டத்துல எத்தனையோ பேருக்கு சுகர். சுகர் ஜாஸ்தியாகி வருஷக்கணக்கா ஆச்சுன்னா உள்ளங்கால் மரத்துப்போகும். தார் ரோடு சுட்டாலும் தெரியாது, கண்ணாடி குத்துனாலும் தெரியாது. பாதமெல்லாம் கொப்புளத்தோட வந்து நின்னுக்கிட்டு, "அண்ணாமலையார் புண்ணியம் டாக்டர், இந்தத் தடவ துளிகூட வலிக்கல"ன்னு சிரிப்பாங்க. அதக் கேட்டா போதும், அவருக்கு உச்சந்தலைக்கு ஏறிடும். "யோவ், வலிக்கலன்னா அது வரம் இல்லய்யா! காலு செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்!"

இதே ஊர்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடல, பயிர் போட்டுப் பொழச்ச குடும்பம் அவருது. அம்மா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாங்க. அக்கா ஜோதியம்மாள்தான் வளத்தாங்க. தம்பி படிப்பு முடியட்டும்னு தன் கல்யாணத்தத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில கல்யாணமே வேணாம்னுட்டாங்க. சென்னையில டாக்டருக்குப் படிச்சவரு, அங்கயே இருந்துடுன்னு எத்தன பேர் சொல்லியும் கேக்காம, ஊருக்குத் திரும்பி வந்து போர்டு மாட்டுனாரு. ஒவ்வொரு தீபாவளிக்கும் புதுத்துணி உடுத்துனதும் மொத வேல, அக்கா கால்ல விழுந்து ரெண்டு பாதத்தையும் தொட்டுக் கும்பிடறது.

வைத்தியம் மட்டும் பத்தாதுன்னு அவருக்கு ஒறச்சது, டீக்கடை முருகையனோட கால எடுத்தப்பதான். "மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?"ன்னு கத்துனாரு. "எனக்கு யாருங்க சொன்னாங்க?"ன்னு முருகையன் திருப்பிக் கேட்டாரு. அப்ப ஆரம்பிச்சதுதான் மாசம் ஒரு ஞாயித்துக்கெழம கல்யாண மண்டபத்துல நடக்கற அறிவியல் கூட்டம். கிரகணம் ஏன் வருதுன்னு எலுமிச்சம்பழத்தையும் டார்ச் லைட்டையும் வெச்சுக் காட்டுவாரு. ஒரு தடவ கறிக்கடையிலருந்து ஆட்டு நுரையீரல வாங்கியாந்து, குழாய் சொருகி ஊதிக் காட்டுனாரு. மண்டபத்து மேனேஜர் பரசுராமன், "முகூர்த்தம் நடக்கற எடத்துல கறியா சார்?"ன்னு குதிச்சாரு. எத ஆரம்பிச்சாலும் கடைசியில கால்ல வந்துதான் நிப்பாரு டாக்டர்.

சாமிக்கு விரோதமா பேசறாருன்னு சில பேர் போஸ்டர் ஒட்டுனாங்க. அவரு அந்தப் போஸ்டரையே கிழிச்சுக்கிட்டு மேடை ஏறிட்டாரு. "நான் எப்பய்யா நடக்காதன்னேன்? நட! தாராளமா நட! வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலத் திருப்பிப் பாருன்னுதானே தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன்?"

கூட்டத்துக்கு ஒண்ணு தவறாம வர்றது ஜோதியம்மாள்தான். மொத வரிசை, மடியில சுண்டல் தூக்குச்சட்டி. சுகர் அவங்களுக்கும் உண்டு, மாத்திரைய டாக்டரே எடுத்துக் குடுப்பாரு. பௌர்ணமி நடையும் விட்டது கெடையாது. "கால் எப்படிக்கா இருக்கு?"ன்னு கேப்பாரு. "வலியே இல்லடா"ம்பாங்க. வேற யாராவது அப்படிச் சொல்லி இருந்தா கிளினிக் கூரையே பறந்திருக்கும். அக்கா சொன்னா மட்டும் அவருக்கு மனசு நெறஞ்சிடும்.

போன மாசக் கூட்டத்துல, காலுக்கு உணர்ச்சி இருக்கான்னு பாக்கற சோதனையச் செஞ்சு காட்ட ஆள் கூப்பிட்டாரு. கண்ண மூடிக்கணும், அவரு நைலான் இழையால உள்ளங்கால்ல தொடும்போது "ம்"னு சொல்லணும், அவ்ளோதான். ஒருத்தரும் எழுந்திரிக்கல. ஜோதியம்மாள் தூக்குச்சட்டியக் கீழ வெச்சுட்டு, "வெக்கத்தப் பாரு! நான் வரேன்"னு மேடை ஏறுனாங்க. நாற்காலியில உக்காந்து கால நீட்டிக் கண்ண மூடிக்கிட்டாங்க.

டாக்டர் தொட்டாரு. சத்தமில்ல. இன்னொரு எடத்துல அழுத்துனாரு. அப்பவும் "ம்" வரல.

"ஆரம்பிடா, எவ்ளோ நேரம் கண்ண மூடிக்கிட்டே இருக்கறது?"ன்னாங்க ஜோதியம்மாள்.

மண்டபமே சிரிச்சுது. டாக்டர் சிரிக்கல. பாதத்தத் தூக்கித் திருப்பினாரு. கட்டைவிரலுக்குக் கீழ கருகுன புண்ணு, நடுவுல முறிஞ்சு நின்ன கருவேலமுள்ளு.

"ஆட்டோவக் கூப்பிடுங்கய்யா! எதுக்கு நின்னு வேடிக்க பாக்கறீங்க?"ன்னு அவரு போட்ட சத்தத்துல சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கிச்சு.

ஆஸ்பத்திரியில பாதி பாதத்த எடுத்துட்டாங்க. அந்த வார்டுல டாக்டர்கிட்ட திட்டு வாங்காத ஆளே இல்ல, நர்ஸு, லிஃப்ட்டு, மலை, பௌர்ணமி எதையும் விடல. கடைசியா அக்கா பக்கம் திரும்புனாரு. "மாசாமாசம் மொத வரிசையில உக்காந்து என்னாத்தக்கா கேட்ட? ஊருக்கே புரிஞ்சுது, உனக்குப் புரியலயா?"

"புரிஞ்சுதுடா" ஜோதியம்மாள் சொன்னாங்க. "நீ ஊருக்குச் சொல்றேன்னு நெனச்சேன். என் தம்பி டாக்டரு. எனக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட வந்து தனியா சொல்ல மாட்டியா?"

தீபாவளி தவறாமத் தொட்ட காலு அது. பாழாப்போன மனுஷன் ஒரு தடவகூட அடியில பாக்கல. அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு இப்ப திட்ட ஆளே மிச்சமில்ல.

கட்டில் ஓரத்துல மண்டிபோட்டு உக்காந்தாரு. முழுசா இருந்த இன்னொரு காலக் கையில எடுத்தாரு. கும்பிடல. வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாரு.