ஷிஃப்ட் பட்டன் மேல ஒரு கல்லு

துணி அயன் பண்ற மேசைதான் அவளுக்கு ஆபீஸ். இடது தோள்ல நாப்பது நாள் பாப்பா, கீழ விட்டா வீடே அதிரும். வலது கை லேப்டாப்ல. காலேஜ்ல கடைசி வருஷம், கோடை லீவு.

வெப்சைட் போடறவங்க இலவசமா எடுத்துக்கிற ஒரு சாஃப்ட்வேர். ஓப்பன் சோர்ஸ்னு பேரு. யாரு வேணும்னாலும் உள்ள புகுந்து திருத்தி அனுப்பலாம். ஏத்துக்கிறதும் தள்ளுறதும் அதைக் கவனிச்சுக்கிற மூத்தவர் கையில. வந்ததையெல்லாம் மூடி மூடித் திருப்புறதால இவ அவருக்கு வச்ச பேரு பூட்டு. லீவு முடியறதுக்குள்ள ஒரு திருத்தமாவது அவர் ஏத்துக்கணும். இல்லைன்னா காலேஜ் ப்ராஜெக்ட் போச்சு, ஒரு வருஷம் வீண்.

பூட்டு சொன்ன வேலை ஸ்க்ரீன்ல இருக்கிற பட்டனுக்குக் கலர் மாத்துறது. அவ கண்ணுல பட்டதோ வேற. ஒரு பக்கத்துல வரிசையை மேல கீழ மாத்தணும்னா, ஒரு கையால ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கிட்டே இன்னொரு கையால மவுஸை இழுக்கணும். இவளோட இன்னொரு கையில பாப்பால்ல இருக்கு? அம்புக்குறி பட்டன்லயே மாத்துற மாதிரி எழுதி அனுப்பினா. ரெண்டு தடவை மூடிட்டார். இப்படி யாருமே கேட்டதில்லையாம்.

பேசாம கலரை மாத்திக் குடுத்துட்டுத் தப்பிச்சுக்கோன்னு வீட்டுக்காரன் கெஞ்சிப் பாத்தான்.

"நான் கேக்கறேனே, நான் யாராம்?" அவ்வளவுதான். அவன் பாப்பா துணியை அள்ளிக்கிட்டுத் துவைக்கப் போயிட்டான்.

கடைசி வாரம், போனை ஜன்னல்ல சாய்ச்சு வச்சு வீடியோ எடுத்தா. அவ அப்பா, லிஃப்ட் ரிப்பேர்காரர், இதான் சாக்குன்னு ஓடி வந்து கையை நீட்டினார்.

"குடும்மா, நான் வச்சுக்கறேன். நீ ரெண்டு கையாலயும் பாரு."

"தொடாதீங்கப்பா. ரெண்டு கை இருந்தா தப்பே தெரியாது."

மனுஷன் மூஞ்சி தொங்கிப்போச்சு. இவ முழங்கையால ஷிஃப்டை அழுத்தறா, மவுஸ் எட்டல. பாப்பா பட்டன் மேல எச்சில் ஒழுக விட்டு, தன் பங்குக்கு ரெண்டு எழுத்து அடிச்சுது. அப்புறம் தன் திருத்தத்தைப் போட்டு ஒரே விரலால முடிச்சுக் காட்டி, திருத்தத்தோட சேத்து எல்லாரும் பாக்கற பக்கத்துல போட்டுட்டா.

மறுநாள் வீடியோவுக்குக் கீழ முன்பின் தெரியாத ஒருத்தர் எழுதியிருந்தார். அவருக்கு ஒரு கை கிடையாது. நாலு வருஷமா ஷிஃப்ட் மேல ஒரு கல்லை வச்சுத்தான் ஓட்டுறாராம். சொன்னா மூடிடுவாங்கன்னு சொல்லலையாம்.

சாயங்காலமே பூட்டு திறந்துச்சு. ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு அவரும் செஞ்சு பாத்தாராம், முடியலையாம். ஏத்துக்கறேன், 'புது வசதி'ன்னு மாற்றங்களோட பட்டியல்ல போடறேன்னார்.

கெடு முடிய ஒரே நாள். வேற யாரா இருந்தாலும் தலையாட்டியிருப்பாங்க. இவ ஒத்த விரலால அடிச்சா: "வசதி இல்லைங்க, தப்பு. தப்பைத் திருத்தினோம்னு போடுங்க. இல்லைன்னா மூடிக்கோங்க."

மறுநாள் மத்தியானம் வரைக்கும் மெயிலைத் திறந்து திறந்து பாத்தா. அப்புறம் பட்டியல் வந்துச்சு. 'பிழை திருத்தம்'னு போட்டிருந்துச்சு. பக்கத்துல அவ பேரு.

வாசப்படியில நின்னுக்கிட்டிருந்த அப்பா பக்கம் திரும்பி, தோள்ல இருந்த பாப்பாவை நீட்டினா.

"இப்ப வாங்கிக்கோங்க."