விழாத பூ

போச்சம்பள்ளிப் பக்கம் முனிவேலின் ஒன்றரை ஏக்கர் நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன்மேல் எழும்பிய கம்பெனியிலேயே அவருக்கு வேலையும் கொடுத்தார்கள். வரப்பில் நின்ற குலசாமி எல்லம்மாவின் கல்லை மட்டும் எடுக்க முடியவில்லை. நகர்த்த வந்த பொக்லைன் மூன்று முறை நின்றுபோனதாம். கம்ப்ரஸர் ஷெட்டுக்குப் பின்னால், குழாய்களை வளைத்துக் கொண்டுபோய், அவளை அவள் இடத்திலேயே விட்டுவிட்டார்கள்.

பங்குச் சந்தையின் ஆப்ஷன் வியாபாரத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் அஜித்குமார்.

"மாந்தோப்புக்கு அட்வான்ஸ் குடுக்கற மாதிரிதாண்ணா. சந்தையோட நிஃப்டி எண் ஏறும்னா 'கால்' வாங்கணும், எறங்கும்னா 'புட்'. அட்வான்ஸுக்குப் பேரு பிரீமியம், தப்பாப் போனா அது போச்சு. ஆனா கெடு இருக்குது. செவ்வாக்கெழம மூணரைக்குள்ள நடக்கணும்."

முனிவேல் வீடியோ பார்த்தார், நோட்டில் எழுதினார், பிரீமியம் என்றால் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் எந்த வீடியோவும் சொல்லவில்லை. செவ்வாய் எல்லம்மாவின் நாள். அவளிடமே கேட்டுவிட்டார். பெண் பார்க்க, கிணறு வெட்ட, எல்லாவற்றுக்கும் பூ கேட்டுப் பழகிய குடும்பம். நனைத்த அரளிப் பூவைக் கல்லின் உச்சியில் வைத்துக் கும்பிடுவார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் என்றால் வேண்டாம். முனிவேலுக்கு வலம் கால், இடம் புட்.

இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செவ்வாய்தோறும் விடிகாலையில் பூ வைத்தார். ஐந்து வாரம் அவள் சொன்னது பிசகவில்லை. பணம் சிறிதுதான். ஆனாலும் மனிதருக்குப் பயம் வந்தது. ஐந்தாவது வாரம் அவர் கேட்டு முடிக்கும் முன்பே பூ விழுந்திருந்தது. கம்ப்ரஸர் அதிர்வில் விழுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பயம் வந்தவர் ஒதுங்கியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? நிலப் பணத்தில் மிச்சம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம். மகள் ஸ்வாதியின் நர்சிங் படிப்புக்கென்று மனைவி ஜோதிமணி பொத்திப் பொத்தி வைத்தது. ஆறாவது செவ்வாய், அவளுக்குத் தெரியாமல், அதை மொத்தமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

அன்று கம்ப்ரஸர் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காலடியில் தரை அதிர்ந்தது. பூ அசையவில்லை. அரைமணி நேரம் நின்றார். பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

பக்கம் சொல்லவில்லையென்றால் என்ன, இரண்டு பக்கமும் வாங்கிவிட்டால் போயிற்று. பாதிக்குக் கால், பாதிக்குப் புட். எங்கே ஓடினாலும் ஒன்று ஜெயிக்கும். வீடியோவிலும் அப்படி ஒரு பாடம் இருந்தது.

நிஃப்டி எங்கும் ஓடவில்லை. பத்து மணிக்கு நின்ற இடத்திலேயே இரண்டு மணிக்கும் நின்றது. நேரம் கரையக் கரைய இரண்டு பிரீமியமும் கரைந்தன. விற்கக் கை போகும், இதோ கிளம்பிவிடும் என்று மனசு தடுக்கும். மூன்றரைக்கு மிஞ்சியது ஒன்பதாயிரம்.

அப்போதுதான் உறைத்தது. எல்லம்மா பேசாமல் இருக்கவில்லை. சந்தை எங்கும் போகாது என்பதைத்தான் அசையாமல் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் விடிகாலை ஷிப்ட் முடிந்து கல்லிடம் போனார். பராமரிப்புக்காகக் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தார்கள். சுற்றிலும் காற்று இல்லை, சத்தம் இல்லை. நேற்று வைத்த பூ உச்சியிலேயே இருந்தது, வாடாமல், ஈரத்தோடு.

"ஜோதிகிட்ட சொல்லாம மறச்சிடட்டுமா, தாயே?" என்று மனசுக்குள் கேட்டார். பூ இடப்பக்கம் விழுந்தது.

பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது ஜோதிமணி வாசலில் நின்றிருந்தாள். அவள் உள்ளங்கையில் ஓர் அரளிப் பூ.

"சாமி படத்துல வச்ச பூ தானா விழுந்துச்சுங்க, எடப்பக்கம்," என்றாள். "எங்கிட்ட என்னத்த மறைக்கறீங்க?"

முனிவேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே சொல்லத் தொடங்கினார்.