சாவுகிராக்கி என்று திட்டிய அண்ணன்

ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது அறைத்தோழி அனுப்பிய செய்தி கிடந்தது: ‘நம்ம சாவுகிராக்கி அண்ணன் போயிட்டாராம்.’ ஒரகடத்திலிருந்து படப்பை வழியாக ஷேர் ஆட்டோ ஓட்டிய மணிமங்கலம் கன்னியப்பன் அண்ணனை எங்கள் விடுதிப் பெண்கள் அப்படித்தான் சொல்வோம். செத்துப்போனவரை இப்படியா சொல்வது என்று கோபம் வந்தது. அப்புறம்தான், அந்தப் பெயரை வைத்தவளே நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. நெஞ்சுவலியாம், ஸ்டாண்டிலேயே உயிர் போயிருக்கிறது.

அவர் வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், அவருக்கு ஹாரனைவிட வாய் பெரிது. குறுக்கே வந்த பைக், குறுக்கே நடந்த ஆள், ஏன், மாடுகூட அவருக்குச் சாவுகிராக்கிதான். சாத்தூரிலிருந்து நான் வேலைக்கு வந்த புதிதில், போனில் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தேன். “யேய் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்று ஒரு கத்தல். போனில் என் அம்மா. என்னைப் பெற்ற அய்யாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நேரம் அது. எனக்கு வந்ததே ஆத்திரம், வண்டியை மறித்துக்கொண்டேன்.

“எங்கய்யா ஆஸ்பத்திரியில கெடக்காக. எந்த வாயால சாவுன்னு சொன்னீக?”

மனிதர் மிரண்டுபோனார். சும்மா வாயில் வருகிற வார்த்தை என்றார். சும்மா வருகிற வாய் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அவர் வண்டியில் ஏறுவதில்லை.

ஆனால் அந்த வார்த்தை என்னை விடவில்லை. கம்பெனி லைனில் என் பக்கத்தில் நிற்கும் பென்னலூர் கலாவிடம் கேட்டேன். சிரித்தாள். அவளும் தோழிகளும் போனை எடுத்ததுமே அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். கேன்டீனில் பரிமாறும் அக்காவோ, காலங்காத்தால அந்தப் பேச்சு எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருத்திக்குக் கொஞ்சல், இன்னொருத்திக்குச் சாபம். என்மேல் விழுந்தது எது? அய்யா பிழைக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

அய்யா பிழைக்கவில்லை. தகவல் வந்த மாலை நான் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டில் நின்றது அவர் வண்டி மட்டும்தான். விஷயத்தைச் சொன்னேன். ஆள் சேர்க்கக் கூவிக்கொண்டிருந்தவர் சட்டென்று வாயை மூடினார். வழிநெடுகக் கை காட்டியவர்களுக்கெல்லாம் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, என் ஒருத்தியை மட்டும் வைத்து ஓட்டினார். ஹாரன்கூட அடிக்கவில்லை. பஸ்ஸில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்துவிட்டுத்தான் திரும்பினார்.

ஊரிலிருந்து வந்ததும், ஏன் அன்று யாரையும் ஏற்றவில்லை என்று கேட்டேன்.

“எங்கப்பா மெட்ராஸ்ல சைக்கிள் ரிக்‌ஷா மிதிச்சாரு. சவாரிக்கு வர்றவங்கள கிராக்கின்னுதான் சொல்வாங்க. சாவு வூட்டுக்குப் போறவங்க சாவுகிராக்கி. அவங்ககிட்ட பேரம் பேசக் கூடாது, கூட ஆள் ஏத்தக் கூடாது.”

அப்படியானால் அது எப்படித் திட்டாக மாறியது? பேரம் பேசாமல் ஓட்டினால் பிழைப்பு என்ன ஆவது, கடுப்பில் சொல்லிச் சொல்லியே திட்டாகியிருக்கும் என்றார். இது மெய்யா, அவர் அப்பா விட்ட கதையா, எனக்குத் தெரியாது. கலா ஒத்துக்கொள்ளவே இல்லை. சக்கரத்தில் வந்து விழுகிறவன் எமனுக்குக் கிராக்கி, அவ்வளவுதான் என்றாள். அதை அண்ணனிடம் சொன்னபோது, “அதுவும் கரெக்ட்டாதான் கீது” என்று தலையைச் சொறிந்தார்.

“அப்ப அன்னைக்கு என்னைய எந்த அர்த்தத்துல சொன்னீக?”

“பயத்துலம்மா. பிரேக் புடிக்கலன்னா நீ போய்ச் சேந்திருப்ப.”

அன்றைக்குத்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தேன். கூப்பிட்டால் சிரிப்பார்.

நேற்று துக்கத்துக்குப் போகப் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மணிமங்கலத்தில் எங்கே என்று ஓட்டுநர் கேட்டார். கன்னியப்பன் அண்ணன் வீடு என்றேன். ஆள் சேர்க்கக் கூவிக்கொண்டிருந்தவர் நிறுத்திக்கொண்டார். பக்கத்து இருக்கைகள் காலியாகவே வந்தன. இது அண்ணன் சொல்லிக்கொடுத்ததா, வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வழக்கமா என்று கேட்க நினைத்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இன்று காலை, விடுதிக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி லாரிக்குக் குறுக்கே ஓடினாள். “ஏ சாவுகிராக்கி!” என்று கத்திவிட்டேன். அவள் திரும்பி என்னை முறைத்தாள். அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்த வார்த்தையும் அதற்குள் இருந்த பயமும்தான்.