உரக்கடையில் தங்கிவிட்ட பொட்டலம்

சனிக்கிழமை மாலை நாலே கால் மணி. உரக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை நான் நிமிர்ந்து பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. வேப்பம் புண்ணாக்கு வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு, "உள்ளதான் சார் இருக்கு, நல்ல மூட்டையாப் பாத்து வைங்க, இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்தார். உள்ளறைக்குப் போனேன். பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோரமாக, ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது.

காடாத் துணியில் நீல நூலால் இரட்டைத் தையல். ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சு. மேலே என் கையெழுத்தில் என் மகளின் பெயர். அதைத் தைத்தது நான். கோணி ஊசி குத்திப் பெருவிரல் வீங்கியதுகூட மறக்கவில்லை.

அந்தப் பொட்டலம் அப்போது போலந்தில் இருந்திருக்க வேண்டும். இருந்திருக்க வேண்டும் என்பதுகூடச் சரியில்லை. தீர்ந்தே போயிருக்க வேண்டும். பருப்புப் பொடியைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டதாகவும், புளிக்காய்ச்சல் போன தடவையைவிட நன்றாக இருந்ததாகவும், வடகம் தாளித்த வாசனைக்குப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டி என்னவென்று கேட்டதாகவும் மகள் என்னிடம் போனில் சொல்லியிருந்தாள். அந்தக் கதவு தட்டிய கதையை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அது அவர் ஒருவருடைய பயணம் இல்லை. பெட்டியில் பாதி இடம் ஊருக்குச் சொந்தம். துபாயோ, சிங்கப்பூரோ, யார் வீட்டுப் பிள்ளை போகிறது என்று தெரிந்ததும் அங்கே பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் பொட்டலத்தோடு வந்துவிடுவார்கள். மறுக்கும் வழக்கம் இல்லை. உரக்கடையில் பெரிய தராசு இருப்பதால் எங்கள் ஊர் இலுப்பூரிலிருந்து பயணம் போகிற பெட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் எடை பார்க்கப்படும். என் அதிர்ஷ்டம், கடைக்காரரின் மகனுக்கே என் மகள் இருக்கிற அதே நகரத்தில் வேலை. விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, நான் பக்கத்தில் நிற்க, என் பொட்டலமும் அந்தத் தராசில் ஏறி இறங்கி அவன் பெட்டிக்குள் போனது. என் கண்ணால் பார்த்தேன்.

கடைக்காரர் டீ டம்ளரோடு உள்ளே வந்து, என் கையில் இருந்ததைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒங்க பையன் இத எடுத்துட்டுப் போகலையா?"

"எடம் பத்தலன்னு..."

"எடை போட்டப்ப நான் நின்னுக்கிட்டுத்தான இருந்தேன்?"

"எடையெல்லாம் சரியாத்தான் சார் இருந்துச்சு." டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தராசுத் தட்டிலேயே வைத்தார். "அக்காகிட்டக் கேளுங்க. வந்து எடுத்துக்கிறேன்னாங்க. இன்னைக்கி நாளைக்கின்னு தள்ளிப் போயிருச்சு. வீட்டுக்குக் குடுத்துவிட்டா நீங்க பாத்துருவீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

அக்கா என்று அவர் சொன்னது என் மனைவியை.

"நான் பாக்கக் கூடாதா? ஏன்?"

"மொதல்ல உக்காருங்க சார். இங்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. சோடா வாங்கியாரச் சொல்லவா?"

 நல்ல செய்தி சொல்ல யாரும் உட்காரச் சொல்லி சோடா வாங்கித் தருவதில்லை. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது. என்ன என்பது இந்த உரக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

புண்ணாக்கை விட்டுவிட்டு, பொட்டலத்தை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கடையிலிருந்து வீடு தூரமில்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் மகள் போலந்துக்குப் போனதிலிருந்து சொன்ன எல்லாமே என் தலைக்குள் ஓடின.

அந்த நகரத்தின் பெயரை இன்றும் நான் தவறாகத்தான் உச்சரிக்கிறேன். ஆனால் அதன் கடைகள் எனக்கு அத்துப்படி. மகள் போன புதிதில் அரிசிக்கே அலைந்தாள். அங்கே கிடைத்த அரிசி வேகவைத்தால் களியானது. பிறகு டிராம் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் நடத்தும் சின்ன மளிகைக் கடையைக் கண்டுபிடித்தாள். கறிவேப்பிலை வெள்ளிக்கிழமை வரும், மத்தியானத்துக்குள் போக வேண்டும். இட்லி மாவு குளிரில் புளிக்காது, ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர் மேல் துண்டு சுற்றி வைக்க வேண்டும். முடிவெட்ட நேபாளிக்காரர் கடை. சுடிதாருக்குக் கை வைத்துத் தைக்க, சுரங்கப்பாதைக்குள் பொத்தான் மாற்றிக் கொடுக்கும் கிழவி. பல்வலிக்கு எந்த மருத்துவர் ஆங்கிலம் பேசுவார், கேஸ் அடுப்பு அணைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் கேட்டுக் கேட்டு வைத்திருந்தேன். வகுப்பில் வணிகவியல் நடத்தும்போது சில்லறை வணிகத்துக்கு உதாரணமாக அந்த மளிகைக் கடையைத்தான் சொல்வேன். ஒரு பிள்ளை தெரியாத ஊரில் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு அப்படிக் கடை கடையாகத்தான் வந்தது.

ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கி என்ன சாப்ட்ட?" அவள் சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை. கூட்டமான நாளிலும் குரல் உயராத ஆள். பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன். கீரையை ஒதுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"காமாலை. இப்ப எறங்கிருச்சு. பயப்பட ஒண்ணுமில்ல."

"எப்பருந்து?"

"பொங்கலுக்கு அப்புறம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில வச்சிருந்து அனுப்பிச்சுட்டாங்க. எண்ணெ, காரம், புளி எதும் ஆகாதுன்னுட்டாங்க. நீங்க பாட்டுக்குப் பொடி, புளிக்காய்ச்சல்னு தச்சுக் குடுக்குறீங்க. அது கண்ணு முன்னால இருந்தா அவ திம்பா. அதான் மறுநாள் போயி அத எடுத்துட்டு, அதே எடைக்கிக் கஞ்சி மாவும் கீழாநெல்லியும் ரெண்டு உல்லன் நைட்டியும் வச்சு அனுப்புனேன்."

அதே எடைக்கு. கடைக்காரர் எடை சரியாக இருந்தது என்று சொன்னது பொய்யில்லை.

"பொடி சாப்ட்டேன்னு எங்கிட்டச் சொன்னாளே?"

"சொல்லச் சொன்னது நான்தான்."

"கத்திரிக்கா பொரியல், பாசிப்பருப்புக் கொழம்புன்னு தெனம் ஒண்ணு சொன்னாளே?"

அவள் ஒதுக்கி வைத்த கீரையைத் திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, "தெனமும் நான்தான் மெசேஜ் போடுவேன். இல்லாட்டி நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொல்லிருவா. நீங்க புடிச்சுருவீங்க" என்றாள்.

மகள் நோயில் கிடந்தாள் என்பதைவிட இதுதான் என்னை உடைத்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே மனைவி வங்கியில் உட்கார்ந்து எனக்கு இன்றைக்கு எந்தக் குழம்பைச் சொல்லலாம் என்று யோசித்திருக்கிறாள். அங்கே என் மகள் மஞ்சள் பூத்த கண்ணோடு படுத்துக்கொண்டு அதை எனக்கு ஒப்பித்திருக்கிறாள். நான் இங்கே, "ரசத்துல பூண்டு தட்டிப் போட்டியா?" என்று கேட்டுத் திருப்தியாகப் போனை வைத்திருக்கிறேன்.

"ஊருக்கே சொல்லிருக்க. எனக்குச் சொல்லல."

"ஒங்களுக்குச் சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? காலேஜ்ல அவளுக்கு டெங்கு வந்தப்ப என்னாச்சு? நீங்க மயங்கி விழுந்து, அவ பெட்டுக்குப் பக்கத்துலயே ஒங்களுக்கும் ஒரு பெட்டு போட்டாங்க. ரெண்டு குளுக்கோஸ் பாட்டிலுக்கு நடுவுல நான் ஸ்டூல் போட்டு உக்காந்துருந்தேன். எந்தப் பாட்டிலப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மை என்பதால் கோபம் போய்விடுவதில்லை.

மகளைக் கூப்பிட்டேன். வழக்கமாக, "நெட் சரியில்லப்பா" என்று படம் இல்லாமல்தான் பேசுவாள். அந்தக் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. "முகத்தக் காட்டு" என்றேன். காட்டினாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தெலும்பு தெரிந்தது. கண் வெள்ளையாகத்தான் இருந்தது. அதை நெருங்கி நெருங்கிப் பார்த்தேன்.

"அம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"உரக்கடையில சொன்னாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை கறிவேப்பிலை? போகவில்லை. நேபாளிக்காரர் கடை? போகவில்லை. மாசி மாசம் முழுக்க ஆற்றுப் பாலத்தையே தாண்டவில்லை. பாலத்தைத் தாண்டி வந்தது அந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான். நான்கைந்து நாள் கடைக்கு வராத பெண்ணுக்கு என்ன ஆயிற்றென்று போன் செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் மொழி புரியாமல் இவள் விழித்தபோது பக்கத்தில் நின்று பேசியிருக்கிறார். கடையை அடைத்துவிட்டு வந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த அந்த நகரத்தில் உண்மையில் நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் அவருடைய எண்ணை வாங்கி நன்றி சொல்லக் கூப்பிட்டேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார்.

"ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பிள்ளை இப்ப நல்லா எழும்பி நடக்கிறா. நீங்கள் அனுப்பின மாவிலதானே கஞ்சி காய்ச்சிக் குடுத்தனான். என்ன வாசம்! அப்பா எவ்வளவு கவனமாப் பாத்து அனுப்பியிருக்கிறார் எண்டு நான் பிள்ளையிட்டையும் சொன்னனான்."

நான் அனுப்பவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்கம்மா, ரொம்ப நன்றிங்க" என்று வைத்துவிட்டேன். நான் செய்தது உரமூட்டைக்குப் பின்னால் கிடந்தது. செய்யாததற்கு எனக்கு நன்றி கிடைத்தது.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனபோது இன்னொன்றையும் கவனித்தேன். பல வாரங்களாக ஆசிரியர் அறையில் யாருமே என் மகளைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. அதற்கு முன்பெல்லாம் பக்கத்து மேசை ஆங்கில ஆசிரியர், "என்ன சார், போலந்துல இன்னைக்கி என்ன கொழம்பு?" என்று கிண்டல் செய்யாத நாள் இருக்காது. நான் கதவு தட்டிய கதையைச் சொன்னபோது அவர்கள் சிரித்ததையும் நினைத்துப் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கும் தெரியுமா?" என்று ஆங்கில ஆசிரியரிடம் கேட்டேன்.

"ஒங்க வீட்ல சொல்ல வேணாம்னாங்க சார். ஒங்க நல்லதுக்குத்தான்" என்றார். விடைத்தாளில் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னார்.

என் நல்லதுக்கு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் அதிகம் பேசவில்லை. மனைவியும் வற்புறுத்தவில்லை. போனில் மகளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டு, அவள் சொன்னால், நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மீன் குழம்பு என்றால் மீன் குழம்புதானா? நன்றாக இருக்கிறேன் என்றால்? அந்த ஒரு கேள்வி இல்லாமல் எங்களுக்குப் பேச எதுவுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "அப்புறம்ப்பா" என்பாள். "அப்புறம் ஒண்ணுமில்லமா" என்பேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். துணியில் உரவாடை ஏறியிருந்தது. பொடி டப்பாவுக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் வாசனை போய்விட்டது. கொல்லையில் எலுமிச்சைக்குக் கீழே கொட்டி மூடினேன். புண்ணாக்குப் போட வேண்டிய குழி அது.

சித்திரையில் அவள் விடுமுறைக்கு வந்தாள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு மனைவி மட்டும் போனாள். "நீங்க வீட்லயே இருங்க" என்று அவள் சொல்லவில்லை; நானாகத்தான் வரவில்லை என்றேன். காலையிலேயே துவரம் பருப்பை வறுத்துப் புதிதாகப் பொடி அரைத்தேன். மிளகாய் பேருக்கு ஒன்று போட்டேன். பக்கத்திலேயே உப்புக் குறைத்துக் கஞ்சியும் வைத்திருந்தேன். எது அவளுக்கு ஆகும் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

வெயில் ஏறுகிற நேரத்தில் கார் வந்தது. இறங்கினாள். போனில் பார்த்ததைவிடச் சற்றுத் தேறியிருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பொடி வாசம் வருதே!" என்றாள். நேரே அடுக்களைக்கு வந்து தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சோறு போட்டேன், பொடி போட்டேன். "நெய் கொஞ்சமா ஊத்தலாம்ப்பா, டாக்டர் சரின்னுட்டாரு" என்றாள். ஊற்றினேன். பிசைந்து வாயில் வைத்தாள். அவள் சாப்பிடுவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி பெட்டியை உள்ளே வைக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். "ஊருல எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கு. கடக்காரருக்குத் தெரியுது. ஏம்மா எனக்கு மட்டும் சொல்லல?"

அடுத்த கவளத்தை உருட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்.

"சொல்லிருந்தா, அங்க படுத்துக்கிட்டு நான்தான்ப்பா ஒங்களுக்குத் தைரியம் சொல்லிருக்கணும். அதுக்கு அப்ப எங்கிட்டத் தெம்பு இல்ல."