கடல் பூரான் பேசிய தமிழ்

என் தம்பி மகள் ஒரு பத்திரிகைக்கு எழுதுகிறாள். போன மாதம் வந்தவள், "பெரியப்பா, அந்தக் காலத்துல நீங்க பார்த்த ஜப்பான் படங்கள், அதான் விண்வெளி, பூதம், மாயாஜாலம் எல்லாம் வருமே, அதுல பார்க்க வேண்டியது ஒரு பத்துப் படம் சொல்லுங்களேன்" என்றாள். பத்தா! மெர்டேக்காவை, அதாவது மலாயா சுதந்திரத்தை, ஒட்டி மலாக்கா டவுனுக்கு வந்த அத்தனை படத்தையும் பார்த்துத் தொலைத்தவன் நான். ஒரே ஒரு படத்தைத்தான் சொல்வேன். அதிலும் திரையைப் பார்க்கச் சொல்லமாட்டேன். எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்க்கச் சொல்வேன்.

மற்றதெல்லாம் ஒரே கதை. வெள்ளைக் கோட்டுப் போட்ட விஞ்ஞானிகள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசிப்பார்கள். படம் முழுக்க யோசிப்பார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கடலிலிருந்து ஏதாவது எழுந்து வந்து பாதி ஊரை மிதித்துவிடும். எழுந்து வருவதன் முதுகில் ஜிப் தெரியும். ஒரு படத்தில் வெளிக்கிரகத்தார் ஏரித் தண்ணீரைத் திருட வந்தார்கள். ஆளுக்கொரு வாளியைத் தலையில் கவிழ்த்து ஈயத்தாள் சுற்றியிருந்தார்கள். அவர்கள் வந்த பறக்கும் தட்டு நூலில் தொங்கியது. அந்த நூல் எனக்கே தெரிந்தது, எனக்கு அப்போதே கிட்டப்பார்வை. நரி பெண்ணாக மாறி அரசகுமாரனை மயக்கும் படம் ஒன்றும் வந்தது. நரியாக இருந்தவரைக்கும் அந்த நடிகைக்கு முகபாவம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

இந்தக் கண்றாவிக்குத்தான் எங்கள் காஜா பெராங் வட்டாரத் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியான மாட்டினிக்கு முண்டியடித்தார்கள். காரணம் கலை ரசனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போர்க்காலத்தில் நம்மை ஆட்டிப்படைத்த ஜப்பான்காரன் ஊர் இடிந்து விழுவதை அவனே செலவு செய்து படமெடுத்து நமக்குக் கொண்டுவந்து காட்டுகிறான், வேறென்ன வேண்டும்? "ஜப்பான் சாமான் என் வீட்டு வாசப்படி ஏறாது" என்று சாயாக்கடையில் முழங்குகிற ஒருவர், ஜப்பான் டார்ச் லைட்டை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பூதம் ஒரு பாலத்தை உடைத்தால் போதும், விசில் பறக்கும். சுதந்திரத்துக்குக்கூட நாங்கள் அவ்வளவு கைதட்டினோமா என்பது சந்தேகம்.

அந்தக் கொட்டகையில் எனக்கு ஒரு பதவி இருந்தது. அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, அலுவலகம் ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் பக்கத்தில் ஜப்பான் மொழி தெரிந்த ஒரே ஆள் என்று பெயர். போர்க்காலத்தில் ஜப்பான் பள்ளிக்கூடம் போனவன் என்பது உண்மைதான். அங்கே என்ன கற்றாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து வரை எண்ணுவேன். சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிவேன். காலை உடற்பயிற்சி உத்தரவுகள் தெரியும். ஒரு பாட்டில் முதல் இரண்டு வரி. அப்புறம் 'பக்கேரோ' என்ற ஏச்சு. அதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, அறையோடு சேர்ந்தே வரும். இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டு மூன்று வருஷம், படத்துக்குப் படம் எழுந்து நின்று, நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி தமிழில் வசனம் சொன்னேன்.

திரையின் ஓரத்தில் சீன எழுத்து ஓடும். எங்கள் பெஞ்சுகளில் அதைப் படிக்க ஆளில்லாதது என் அதிர்ஷ்டம். நான் உருக்கமாகக் கதை சொல்லும் இடத்தில் சீனர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அவங்களுக்கு ரசனை அவ்வளவுதான்" என்று சொல்லிச் சமாளிப்பேன். பக்கத்தில் என் கம்போங் செட்டி நண்பன் இருப்பான். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட தமிழர் வம்சம், அவன் வீட்டில் பேசுவது மலாய். சாமிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் சில தமிழ்ச் சொற்கள். நான் சொல்லும் தமிழ் புரியாமல், "ஆப்பா டியா சாக்காப்?" என்று என் தொடையைத் தட்டுவான். அவன் என்ன சொல்றான் என்று அர்த்தம். ஆக, ஒரே பொய்யை இரண்டு மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழனுக்குத் தமிழ் வரவில்லையே என்று அவனைக் கேலி செய்ததும் நான்தான். தெரியாத மொழியைத் தெரியாது என்று சொல்கிறவன் அந்த வரிசையில் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பதவி சும்மா இல்லை. டிக்கெட் வரிசையில் எனக்கு வழி விடுவார்கள். இடைவேளையில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் தானாக வரும். எனக்குப் பெண் கொடுக்க விசாரித்தவர்கள்கூட 'அந்த ஜப்பான் வாத்தியாரா' என்றுதான் விசாரித்தார்களாம். அதனால் எனக்கு ஒரே பயம். ஜப்பான்காரனிடம் நிஜமாகவே பழகிய யாராவது ஒருவர் அந்தக் கொட்டகையில் வாயைத் திறந்துவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். போர்க்காலத்தில் அவரையும் அவர் தம்பியையும் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். ஒரு ஜப்பான் படம் விடமாட்டார். கதவோரம், எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருவார். எல்லாரும் கைதட்டும்போது தட்டமாட்டார். மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட என்னைத் திருத்தியதில்லை. சயாமுக்குப் போனவரே என் மொழிபெயர்ப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மண்டைக்கனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது கடல் பூரான் படம். தென்னை மரத்தைவிடப் பெரிய பூரான் ஒன்று கரையேறியது. கால்களில் பாதி நடந்தன, மீதி சும்மா இழுபட்டன. உள்ளே இருந்த ஆட்களுக்குள் ஏதோ சண்டை போலிருக்கிறது. அது எங்கள் உஜோங் பாசிர் கரையில் ஏறியிருந்தால் மீன் பிடிக்கிறவர்களே துடுப்பால் அடித்துப் போட்டிருப்பார்கள். ஜப்பான் தீப்பிடித்தது, எங்கள் பெஞ்சுகள் குதித்தன. இடிந்த சுவருக்கு அடியில் ஒரு கிழவி கிடந்தாள். இடுப்புக்குக் கீழே செங்கல் குவியல். மேலே பார்த்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் எழுந்தேன்.

"பூரானுக்குச் சாபம் விடுறா! உன் நூறு காலும் முடமாப் போகட்டும்ங்கிறா!"

சிரிப்பு அடங்கவே இல்லை. டார்ச் லைட்காரர் பெஞ்சைக் குத்திக் குத்திச் சிரித்தார்.

"தண்ணி கேக்குது."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். சைக்கிள் கடைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"அந்தம்மா தண்ணி கேக்குது. சிரிக்காதீங்க. யாராச்சும் குடுங்கய்யா."

எங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் சொன்னார். அங்கே யாரும் கொடுக்கவில்லை. காட்சி மாறி, விஞ்ஞானிகள் மறுபடி யோசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மத்தியான வெயில் உள்ளே புகுந்து திரையைக் கொஞ்ச நேரம் வெளுக்க அடித்தது. மீதிப் படத்துக்கு நான் வாயைத் திறக்கவில்லை. நண்பன் மட்டும் என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் வேலை விட்டதும் சைக்கிள் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சப் போனேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான். அவர் ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து நான் சொன்னது..."

"பொய்னு சொல்றியா? அது மொத படத்துலயே தெரியும்லா."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"எனக்கு மட்டும் என்னா பெரிய ஜப்பான் தெரியும்? எண்ணத் தெரியும். ஏச்சு தெரியும். ஹயாக்கு ஹயாக்குன்னா ஓடணும். மிசுன்னா தண்ணி. அது ஒண்ணுதான் நாங்களா கேட்டுக் கத்துக்கிட்டது." டியூபைக் கொஞ்சம் திருப்பினார். "தம்பிக்கு வாந்தி பேதி. தமிழ்ல கேட்டா அவனுங்களுக்குப் புரியாதுன்னு மிசு, மிசுன்னே கேட்டான். காவலுக்கு நின்னவனுக்குப் புரிஞ்சிச்சு. நல்லாவே புரிஞ்சிச்சு."

சட்டியில் குமிழி வந்தது. அவர் அந்த இடத்தைத் துடைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டார். சாகக் கிடந்தவளைக் காட்டிச் சிரிக்க வைத்தவன் நான். கெஞ்ச வந்ததை விழுங்கிவிட்டு, "அப்புறம் ஏண்ணே ஒரு படம் விடாம வர்றீங்க?" என்று மட்டும் கேட்டேன். "சாயா குடிக்கிறியா?" என்றார்.

சில மாதங்களில் அதே பூரான் இரண்டாம் பாகத்தில் உயிரோடு வந்தது. லாபம் கொடுத்த பூதத்தை ஜப்பான்காரன் லேசில் சாக விடமாட்டான். விளக்கு அணைந்ததும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எழுந்தேன்.

"எனக்கு ஜப்பான் தெரியாது. இத்தனை நாளும் நானா கட்டிச் சொன்ன கதை."

டார்ச் லைட்காரர் வெளிச்சத்தை என் மூஞ்சியில் அடித்தார். "அப்ப அந்த நரிப் பொம்பள அரசகுமாரனுக்குச் சொன்ன தத்துவம்? எங்க வீட்டுல மனப்பாடமே பண்ணிட்டாங்களே!"

"அதுவும்தாண்ணே."

கச்சாங் பூத்தே பொட்டலம் ஒன்று வந்து என் நெற்றியில் பட்டது. "ஆப்பா டியா சாக்காப்?" என்றான் நண்பன். மலாயிலும் சொன்னேன். நான் ஒரே உண்மையை இரண்டு மொழியில் சொன்னது அன்றுதான். வாத்தியார் பட்டம் போனது, எனக்கு ஒதுக்கிய இடமும் போனது. முதல் பெஞ்சில் ஒருவர், நான் உட்கார முடியாதபடி, வேண்டுமென்றே காலை நீட்டிக்கொண்டார்.

"நீ சொல்லு தம்பி. பொய்யே சொல்லு."

சைக்கிள் கடைக்காரர்தான். கதவோரத்திலிருந்து எழுந்து வந்து, நீட்டிய காலைத் தள்ளிவிட்டு, என்னை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போதும்ணே" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஜப்பான்ல நல்ல வார்த்த ஒண்ணும் இல்ல. நீ சொல்றப்பதான் அவனுங்களும் மனுசனாட்டம் ஏதோ பேசிக்கிறானுங்கன்னு தோணும். அதுக்குத்தான் வர்றேன்."

திரையில் பூரானைச் சுற்றிப் பட்டாளம் நின்றது. பொம்மை பீரங்கிகள் வரிசையாக அதைப் பார்த்துத் திரும்பின. அது தலையைத் தூக்கி நீளமாக ஓலமிட்டது. வழக்கம்போல் முதுகில் ஜிப் தெரிந்தது.

"வீட்டுக்குப் போகணுமாம்" என்றேன். "வழி விடச் சொல்லுது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடமாட்டானுங்க, தம்பி" என்றார்.